என்3 நெடுஞ்சாலையில் 160: வண்டியோட்டும் ஆர்வலருக்கு அதில் என்னதான் கிடைக்கிறது?

சாட்ஸ்வர்த் கோல்ஃப்

அனைவருக்கும் வணக்கம். மனைவியின் பெற்றோர் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிப்பதால், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 வழியாக அடிக்கடி வண்டி ஓட்டிச் செல்கிறேன். அண்மையில் என் பழைய ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபைக் கொடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் விரைவுக் காரான ஜி.டி.ஐ. ஒன்றை வாங்கினேன். வரம்பான 120 கிலோமீட்டரில் அந்த வண்டிக்குச் செய்வதற்கு வேலையே இருப்பதில்லை. ஹாரிஸ்மித்தைத் தாண்டி வார்டன், வில்லியர்ஸ் பக்கம் சாலை நேராகவும் சமமாகவும் விரியும்போது கால் தானாகவே அழுந்துகிறது. முள் 160-ஐத் தொட்ட பிறகுதான் வண்டி ஓட்டுகிறோம் என்ற உணர்வே வருகிறது. அந்த இடத்தில் வலது தடத்தில் செல்பவர்களில் பலர் 140-க்குக் கீழே இறங்குவதில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அறிவுரையும் வீட்டில் போதிய அளவுக்குக் கிடைக்கிறது. வண்டியோட்டுவதை விரும்பிச் செய்யும் ஒருவன், அபாயம், அபராதம், பெட்ரோல் செலவு ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அந்த வேகத்தில் கிடைக்கும் இன்பமும் மிச்சமாகும் நேரமும் அவற்றுக்கு ஈடாகுமா என்பதே என் கேள்வி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்கு

தம்பி, முதலில் நேரத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மிகையாக மதிப்பிடுகிறார்கள். மொத்தத் தூரம் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். டர்பன் நகர நெரிசல், எங்கள் ஊரின் டவுன் ஹில் ஏற்றம், வான் ரீனன் கணவாய், மரியன்ஹில்லில் தொடங்கி டி ஹூக் வரை வரும் சுங்கச்சாவடிகள், எப்போதும் எங்கேயாவது நடந்துகொண்டிருக்கும் சாலைப் பணி ஆகியவற்றைக் கழித்தால், நினைத்த வேகத்தில் ஓட்டக்கூடிய தூரம் தாராளமாகக் கணக்கிட்டாலும் 300 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த 300 கிலோமீட்டரை 120-இல் கடக்க இரண்டரை மணி நேரம் ஆகும். 140-இல் ஓட்டினால் 21 நிமிடமும், 160-இல் ஓட்டினால் 37 நிமிடமும் மிச்சம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், 160-இல் அது 120-இல் இருப்பதைப் போல 1.78 மடங்கு ஆகிறது; அதன் விளைவாகப் பெட்ரோலுக்காக ஒருமுறை கூடுதலாக நிறுத்த நேர்ந்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அந்த நிலையத்திலேயே கரைந்துவிடும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலுள்ள 80 கிலோமீட்டரை முழுவதும் 140-இல் ஓட்டினாலும் ஆறு நிமிடம்கூட மிச்சமாவதில்லை.

அடுத்து நிறுத்தும் தூரம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றும், மிதித்த பிறகு வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 120-இல் வரும் வண்டி 50 மீட்டர் ஓடிய பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்கி, மேலும் 79 மீட்டரில், அதாவது மொத்தம் 129 மீட்டரில் நின்றுவிடும். 160-இல் வரும் வண்டிக்கு மொத்தம் 208 மீட்டர் தேவை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் 79 மீட்டர்தானே வேறுபாடு என்று எண்ணிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் வண்டி முழுவதுமாக நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் இருக்கும்? மணிக்கு 119 கிலோமீட்டர். ஒருவர் தப்பித்து நிற்கும் புள்ளியில் மற்றவர் நெடுஞ்சாலை வரம்பு வேகத்திலேயே மோதுகிறார்.

லெனேசியா வேகன்

ஐயாவின் கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அது எந்த வண்டிக்கான கணக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல டயர் மாட்டிய இன்றைய ஜி.டி.ஐ. வறண்ட சாலையில் நொடிக்கு 9 அல்லது 10 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துவிடும். பழுதான அதிர்வுத் தாங்கிகளும் தேய்ந்த டயர்களுமாக 120-இல் வரும் பழைய வண்டியைவிட, நன்றாகப் பராமரித்த புதிய வண்டி 140-இல் பாதுகாப்பானது என்பதை எவரும் மறுக்க முடியாது. சட்டமோ இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வார்டன் பக்கம் சாலை 1,500 மீட்டருக்கு மேலான உயரத்தில் போகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பெட்ரோல் செலவு நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஏறாது.

ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளுக்கு இன்றும் கட்டாய வரம்பு இல்லை. 1978 முதல் 130 என்பது பரிந்துரை வேகமாக மட்டுமே இருக்கிறது. அங்கே சாலைகள் பிணக்காடாகிவிடவில்லை. வேகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, மற்றக் காரணங்களைப் பார்க்காமல் இருப்பதற்கு அதிகாரிகளுக்குக் கிடைத்த வசதியான வழி என்பதே என் கருத்து. நேரான சாலையில் 120-இல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது வரும் தூக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்கு

பிரேக்கைப் பற்றி மட்டும் சொல்லி அமர்கிறேன். நொடிக்கு 9.5 மீட்டர் என்று வைத்து மீண்டும் போட்டுப் பார்த்தேன். 120-இல் வரும் நல்ல வண்டி 108 மீட்டரில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் 160-இல் வரும், அதே அளவு நல்ல வண்டியின் வேகம் 123-க்கு மேல் இருக்கிறது. அதாவது பிரேக் மேம்பட மேம்பட, அந்த இடத்தில் இருவரின் வேகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. காரணம், பிரேக்கைத்தான் மேம்படுத்த முடிகிறது, கண்ணுக்கும் காலுக்கும் இடையிலான ஒன்றரை நொடியை எந்தத் தொழிற்சாலையாலும் மேம்படுத்த முடிவதில்லை. காற்று மெலிந்திருப்பது உண்மை. ஆனால் அது 120-இல் போகிறவருக்கும் அதே அளவு மெலிந்திருப்பதால் 1.78 மடங்கு என்பது அப்படியே நிற்கிறது. தூக்கத்துக்கு மருந்து இறங்கி நடப்பதுதான்; அதற்கு எஸ்ட்கோர்ட்டும் ஹாரிஸ்மித்தும் வழியிலேயே இருக்கின்றன.

வான் ரீனன் லாரி

நான் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு இதே சாலையில் ஓடுகிறவன். நீங்கள் எல்லோரும் உங்கள் வண்டியின் வேகத்தைப் பேசுகிறீர்கள். சாலையில் இருக்கும் மற்றவர்களின் வேகத்தை ஒருவரும் பேசவில்லை. ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வரம்பு 80, மினிபஸ் டாக்சிக்கும் பேருந்துக்கும் 100. வான் ரீனன் ஏற்றத்தில் முழுச் சுமையோடு நான் 60-இல் ஊர்ந்துகொண்டிருப்பேன், எனக்கு முன்னால் ஒருவர் 40-இல் திணறிக்கொண்டிருப்பார். அவரைத் தாண்ட நான் வலப்பக்கம் நகர வேண்டும். கண்ணாடியில் பார்க்கிறேன், 250 மீட்டர் தொலைவில் ஒரு வண்டியின் விளக்குகள் தெரிகின்றன. அது 120-இல் வருகிறதா 160-இல் வருகிறதா என்பதைத் தொலைவில் தெரியும் இரண்டு விளக்குகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. 120 என்றால் என்னிடம் வந்துசேர 15 நொடி. 160 என்றால் 9 நொடி. பதினைந்து நொடியில் என் வண்டியின் நீளம் முழுவதும் அடுத்த தடத்தில் அமைதியாக நிலைகொண்டுவிடும், பின்னால் வருபவருக்கும் வேகத்தைக் குறைக்க இடம் இருக்கும். ஒன்பது நொடியில் அந்த வேலை பாதியில் நிற்கும்.

மூடுபனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டவுன் ஹில்லிலும் கணவாயிலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வளைவுக்கு அப்பால் பனிச்சுவர் நிற்கும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி இந்தச் சாலையே மூடப்பட்டு வண்டிகள் சிக்கிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதுவாவது முன்னறிவிப்போடு வந்தது. அன்றாட மூடுபனி அறிவித்துவிட்டு வருவதில்லை.

ஜெர்மனி என்று அண்ணன் எழுதியிருந்தார். அங்கேயும் லாரிக்கு 80-தான் என்பது சரி. ஆனால் வலப்பக்கமாக ஓட்டும் அந்த நாட்டில் இடது தடத்தை முந்துவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். தவறான பக்கத்தில் முந்துவது அங்கே அரிது. இங்கே வலது தடத்தில் 110-இல் ஒருவர் அசையாமல் போய்க்கொண்டிருப்பார், அவரை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு டாக்சி பாயும். மூயி ரிவர் பக்கம் மாடு சாலைக்கு வந்துவிடும். இசிப்பிங்கோவுக்கும் உம்லாசிக்கும் அருகே என்2 நெடுஞ்சாலையை மனிதர்கள் நடந்தே கடக்கிறார்கள். சட்டப்படி கூடாது, ஆனால் மேம்பாலம் தொலைவில் இருக்கிறது, வேலைக்கு நேரமாகிறது, கடக்கிறார்கள். இந்த நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 பேர் சாலையில் இறக்கிறார்கள், அவர்களில் பெரும் பங்கினர் பாதசாரிகள். ஆட்டோபானின் வேகத்தை இங்கே கொண்டுவர நினைப்பவர், அதன் வேலியையும் அதன் ஒழுங்கையும் எப்படிக் கொண்டுவருவார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

வெரூலம் வழக்குப்பை

சட்டம் தெரியும் என்று தொடக்கத்தில் எழுதியிருந்தார். பெரும்பாலோர் அபராதத் தொகையை மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, நெடுஞ்சாலையில் வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் மீறியதாகத் தீர்ப்பானால், முதல் முறையே ஓட்டுநர் உரிமம் குறைந்தது ஆறு மாதங்களுக்கு இடைநிறுத்தப்படலாம். இரண்டாம் முறை அது ஐந்தாண்டுகள். அவ்வளவு வேகத்தில் பிடிபட்டவர் தொகையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஆகவே இந்த இழையின் தலைப்பில் இருக்கும் 160 என்பது மிகச் சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மீறல்களுக்குப் புள்ளி சேர்த்து, அவை மிகுந்தால் உரிமத்தை இடைநிறுத்தும் குறைபுள்ளி முறையைக் கொண்டுவரும் ஆர்ட்டோ சட்டம் செல்லும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்துவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தைச் சிறிய எழுத்து வரை படியுங்கள். பொறுப்பற்ற ஓட்டுதல் பற்றிய விதி பெரும்பாலும் அங்கே இருக்கும். உங்கள் வண்டியில் கண்காணிப்புக் கருவி இருந்தால், மோதிய நொடியின் வேகம் உங்களைக் கேட்காமலேயே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

பழைய ஹெஸ்கெத்

தம்பி கேட்ட கேள்வியின் நடுப்பகுதியை இதுவரை ஒருவரும் தொடவில்லை. அபாயம் எவ்வளவு என்று கணக்கு ஐயா சொல்லிவிட்டார், சட்டத்தையும் பார்த்தாயிற்று. ஆனால் இன்பம் எவ்வளவு என்பதுதானே ஆர்வலரின் கேள்வி? என் பதில் இதுதான்: நேரான நெடுஞ்சாலையில் 160-இல் போவதில் வண்டியோட்டும் திறமைக்கு வேலையே இல்லை. வலது காலை அழுத்துவதற்குப் பயிற்சி தேவையில்லை. வண்டியைக் கடன் வாங்கி வந்த எவரும் அதைச் செய்ய முடியும். எப்போது பிரேக்கை மிதிப்பது, எவ்வளவு மெதுவாக அதை விடுவது, எடை முன்சக்கரங்களுக்கு மாறியிருக்கும் அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவது, வளைவின் உட்புள்ளியைத் தொட்ட பிறகு எப்போது மீண்டும் ஆக்சிலரேட்டரைத் தொடுவது என்பவைதாம் இந்தக் கலையின் பாடங்கள். வார்டன் சமவெளியில் இவற்றில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. அங்கே கிடைப்பது வேகமானியின் எண் மட்டுமே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடம் 1981-இல் மூடப்படும் வரை எங்கள் தலைமுறைக்குப் பார்ப்பதற்காவது ஓர் இடம் இருந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள கயாலாமித் தடத்தில் 1967 முதல் ஃபார்முலா ஒன் நடந்தது, கடைசியாக 1993-இல் நடந்தது; 1979-இல் உலக வாகையரான ஜோடி ஷெக்டர் நம் நாட்டவர். டர்பன் கடற்கரைத் தெருக்களில் 2006 முதல் 2008 வரை ஏ1 கிராண்ட் பிரி ஓடியபோது, நகரத்தின் பாதி வேலி ஓரத்தில் நின்றது. ஹெஸ்கெத் மூடப்பட்ட பிறகு இந்த மாகாணத்து இளைஞர்கள் பந்தய ஆசையைத் தெருவிலும் நெடுஞ்சாலையிலும் தீர்த்துக்கொள்ளத் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. இப்போது போர்ட் ஷெப்ஸ்டனில் டெஸ்ஸி ரேஸ்வே இருக்கிறது. கயாலாமி 2014-இல் ஏலம் போய்ப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

தடத்துக்குப் போக முடியாத வாரங்களில் என்3-ஐ விட்டுவிட்டு ஆர்103-இல் போங்கள். ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு வழியாகப் போகும் பழைய சாலை அது. அல்லது ஹாரிஸ்மித்திலிருந்து பெர்க்வில்லுக்கு இறங்கும் ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய். வரம்புக்குள்ளேயே ஓட்டினாலும் ஒவ்வொரு வளைவும் உங்களிடம் ஏதோ ஒன்று கேட்கும். அங்கே 70-இல் கிடைக்கும் நிறைவு நெடுஞ்சாலையின் 160-இல் கிடைக்காது என்பதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். மெதுவாகப் போகும் வண்டி சாலையோர மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடுவதும், முந்தியவர் அபாய விளக்கை ஓரிரு முறை சிமிட்டி நன்றி சொல்வதும் அந்தச் சாலைகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒதுங்குபவருக்கு முன்னே 150 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும், பகல் வெளிச்சமும் இருக்க வேண்டும்.

லெனேசியா வேகன்

ஹெஸ்கெத் அண்ணன் எழுதியதை மதிக்கிறேன்; வளைவில்தான் கலை இருக்கிறது என்பதை ஏற்கவும் செய்கிறேன். ஆனால் அந்தக் கலைக்கான விலையை அவர் எழுதவில்லை. தடத்துக்கான கட்டணம், அங்கே போய்வரும் பெட்ரோல், ஒரே நாளில் தேயும் டயரும் பிரேக் பேடும், பந்தயத் தடத்தில் நேரும் சேதத்துக்குப் பொதுவாகப் பொறுப்பேற்காத காப்பீடு, வண்டி பழுதானால் ஏற்றி வருவதற்கான செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால், பழைய டொயோட்டா ட்வின்கேமையோ பி.எம்.டபிள்யூ. 325ஐ.எஸ்.-ஐயோ தன் கையாலேயே சரிசெய்து வைத்திருக்கும், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் இளைஞனால் அது ஆகிற காரியமா? இந்த நாட்டில் மோட்டார் பந்தயம் நெடுங்காலம் யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதை நம் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். தடத்துக்குப் போ என்று சொல்வது எளிது.

160-ஐ நான் இனி வாதாட மாட்டேன். லாரி நண்பரின் ஒன்பது நொடிக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆளற்ற சமவெளியில், பகல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லாதபோது 135-இல் போகிறவரையும், மழையில் டவுன் ஹில் இறக்கத்தில் 120-இல் போகிறவரையும் ஒப்பிட்டால், முதலாமவர் பிடிபடுகிறார், இரண்டாமவர் சட்டத்துக்கு உட்பட்டவராகவே போய்க்கொண்டிருக்கிறார். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால் வேகப்பித்தன் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இசிப்பிங்கோ அக்கா

தம்பிகளே, ஈஸ்டர் நாள்களில் எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இந்தச் சாலையில்தான் இறங்கி வருகிறார்கள். ஆளற்ற சமவெளி என்று எழுதப்படும் சாலை அப்போது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். வண்டியில் உங்களோடு மனைவி, மாமியார், பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளை என்று மூன்று பேர் இருந்தால், 160-இன் இன்பம் அந்த நால்வரில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? என் கணவர் 140-ஐத் தொடும்போதெல்லாம் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவேன். சாலை நன்றாக இருப்பதால் நான் அமைதியாக இருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார். கணக்கு போட்டவர்கள் யாரும் இதைத் தட்டில் வைக்கவில்லையே.

லெனேசியா வேகன்

அக்கா, அதற்கு மறுப்பில்லை. பயணிகள் இருந்தால் நான் 120-ஐத் தாண்டுவதில்லை. தனியாக ஓட்டுபவரைப் பற்றியே நான் பேசினேன்.

வான் ரீனன் லாரி

தனியாக ஓட்டுகிறவர் தனியாக மோதுவதில்லை, அண்ணா.

135 பற்றிச் சொன்னதில் ஒரு பகுதி நியாயம் என்பதால் அதற்கும் பதில் சொல்கிறேன். மழையில் 120 என்பது உரிமை ஆகாது; சூழலுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டுவதைக் கவனக்குறைவான ஓட்டுதலாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க ஆளில்லை என்பதுதான் குறை. மேற்கு கேப்பில் போஃபர்ட் வெஸ்ட் பக்கம் சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்களை வைத்த பிறகு, ஒரு புள்ளியில் மட்டும் பிரேக்கை மிதித்துவிட்டு மீண்டும் பறக்கும் பழக்கம் அந்தப் பகுதியில் பலிக்காமல் போயிற்று. மறைந்து நின்று படம் பிடிப்பதைவிட அது நேர்மையான முறை என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒருவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதைவிட, எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போகிறார்களா என்பதே முக்கியம்.

சாட்ஸ்வர்த் கோல்ஃப்

எல்லோருக்கும் நன்றி. அறிவுரை வேண்டாம் என்று கேட்டதற்கு, மதிப்புக் கொடுத்துக் கணக்கைத் தந்தீர்கள். 37 நிமிடத்துக்காக உரிமத்தைப் பணயம் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். 135 பற்றி வேகன் அண்ணன் எழுதியது எனக்கு இன்னும் முழுவதுமாகத் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். லாரி அண்ணன் சொன்ன வேக வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், சாலை உண்மையிலேயே காலியாக இருக்கும்போது அந்த வாதம் வலுவிழக்கிறது அல்லவா? அதைப் பிறகு பேசுவோம்.

இப்போது ஹெஸ்கெத் ஐயாவிடம் ஒரு கேள்வி. போர்ட் ஷெப்ஸ்டன் தடத்துக்கு ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வண்டி முற்றிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. செலவைக் குறைவாக வைத்துக்கொண்டு, முதலில் எதை மாற்ற வேண்டும்?

பழைய ஹெஸ்கெத்

எஞ்சினைத் தொடாதீர்கள், பிரேக் திரவத்தை மாற்றுங்கள். திரவம் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, டர்பன் காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். தடத்தில் சில சுற்றுகளிலேயே அந்த வெப்பம் வந்துவிடும், திரவம் கொதித்துக் குழாயில் ஆவி சேரும், மிதி தரை வரை இறங்கும். புதிய திரவம் ஊற்றிக் காற்றை முழுவதுமாக வெளியேற்ற ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பங்குதான். வேகன் தம்பி சொன்ன ஃபீனிக்ஸ் இளைஞனாலும் அதைத் தன் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ள முடியும்.

பிரேக் பேடில் பாதிக்கு மேல் மீதமிருக்கட்டும். சக்கர நட்டுகளைத் தடத்துக்குப் போனதும் ஒருமுறை, முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டயர் சூடேறினால் காற்றழுத்தம் ஏறும் என்பதால், ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு மீண்டும் ஏற்ற மறக்காதீர்கள். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி வட்டுகளை ஆறவிடுங்கள், நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் வண்டியைக் கியரில் விடுங்கள். போகும் நாளை இங்கே எழுதினால், என்னிடம் இருக்கும் அழுத்தமானியையும், நட்டை அளவாக இறுக்க உதவும் டார்க் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.